சர்க்கரை இறங்கியும் கண்ணில் ஏன் ரத்தப் பொட்டு?
வாசகர் கேள்விகள், சயாமா (டீச்சரம்மா) பதில்கள்

கேள்வி (ஒரு வாசகி, பெகு, பர்மா): சயாமாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 54. சர்க்கரை இருப்பது தெரிந்து 9 வருஷம் ஆகிறது. முதல் 8 வருஷம் மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. மகள் கல்யாணம் முடிந்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தார். இப்போது சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் போன மாதம் ரங்கூனில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், "உள்ளே ரத்தக்குழாய் அங்கங்கே புடைத்திருக்கிறது, ரத்தப் பொட்டு இருக்கிறது, குழாயைக் கட்டிப் பிடித்திருக்கிற செல்கள் போய்விட்டன" என்றாராம். இவரோ, "பேப்பர் எழுத்து எனக்குப் பளிச்சென்று தெரிகிறது, டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார்" என்கிறார். ரத்தக்குழாயைச் செல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் என்ன? சர்க்கரை இறங்கிய பிறகு இது ஏன் வர வேண்டும்?

பதில்: தங்கச்சி, டாக்டர் பயமுறுத்தவில்லை. ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரிக்குள் நிறைய இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 31 வருஷம் சோதனைக்கூடத்தில் திசு அறுத்து, சாயம் போட்டு, ஸ்லைடு செய்தவள். உங்கள் டாக்டர் சொன்ன அந்தச் செல்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் அப்பா ரங்கூன் 51ஆம் தெரு முனையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சில வண்டியில் டயர் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் டியூப் நாவற்பழம் மாதிரி வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். "டியூப் மேல தப்பு இல்லம்மா, புடிச்சிக்கிட்டு இருந்தது போயிருச்சு" என்பார் அப்பா. உங்கள் வீட்டுக்காரர் கண்ணுக்குள் டாக்டர் பார்த்தது கிட்டத்தட்ட அந்த நாவற்பழத்தைத்தான்.

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய்களுக்குத் தசையால் ஆன தடித்த சுவர் உண்டு. கிளை பிரிந்து, பிரிந்து, கடைசியில் தந்துகி என்கிற நுண்குழாய்க்கு வரும்போது சுவர் என்று மிஞ்சுவது ஒற்றை அடுக்குச் செல்தான். அந்தக் குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. சிவப்பணு அதற்குள் வளைந்து நெளிந்துதான் போக வேண்டும். சுவர் ஏன் அவ்வளவு மெல்லியது என்றால், பிராணவாயுவும் சத்தும் அதன் வழியாகத்தான் வெளியே இறங்க வேண்டும். தடிக்க வைத்தால் பலமாக இருக்கும், ஆனால் ஒன்றும் இறங்காது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், ரத்த அழுத்தத்தையும் தாங்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு உடம்பு கண்ட வழிதான் பெரிசைட் என்கிற செல். கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றிலும். குழாய்க்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, கை கையாக நீட்டி அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். பல்லி ஒன்று மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1873இல் பிரான்ஸ் நாட்டு ரூஜே என்பவர் தந்துகிகளைச் சுற்றி இப்படிக் கிளைவிட்ட செல்கள் இருப்பதை விவரித்தார். அவை சுருங்கி விரியக்கூடியவை என்றும் சொன்னார். 1923இல் சிம்மர்மான் பெரிசைட் என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் ரொம்ப காலம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை என்பது என் எண்ணம். எங்கள் பாடப் புத்தகத்திலும் அதற்கு ஒன்றரை வரிதான்.

அதை நான் மதிக்க ஆரம்பித்தது ஒரு ஆட்டுக் கண்ணால். எங்கள் சயாஜி (பேராசிரியர்) ஒருவருக்கு ஒரு ஆசை: விழித்திரையிலுள்ள ரத்தக்குழாய் வலையை முழுசாகப் பிரித்தெடுத்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். 1960 வாக்கில் அமெரிக்காவில் குவபாரா, கோகன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த வழி அது. கண்ணை ஃபார்மலினில் போட்டு இறுக வைக்க வேண்டும். விழித்திரையை உரித்தெடுத்து ஓடுகிற தண்ணீரில் ராத்திரி முழுக்க அலச வேண்டும். பிறகு டிரிப்சின் கரைசலில் போட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். டிரிப்சின் என்பது நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற அதே சரக்கு. அது நரம்புத் திசுவைத் தின்றுவிடும். குழாய்களை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும். தண்ணீர் கலங்கி வரும்போது எடுத்து மெதுவாக ஆட்டினால், மிச்சமெல்லாம் உதிர்ந்து, குழாய் வலை மட்டும் சிலந்திக்கூடு மாதிரி மிதக்கும். அதை ஸ்லைடில் ஏந்தி, காயவைத்து, சாயம் போட வேண்டும்.

கறிக்கடை பாயிடம் சொல்லி வைத்து ஆட்டுக் கண் வாங்கி வருவேன். முதல் இரண்டு தடவை வலை கிழிந்துபோனது. மூன்றாவது தடவை, சித்திரை மாதம், இன்குபேட்டரில் வைத்த அரைமணியில் கரண்ட் போய்விட்டது. சூடு இல்லாவிட்டால் செரிமானமும் நின்றுவிடும், நாளைக்குத் தொடரலாம் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டேன். ரங்கூன் சித்திரைக்கு இன்குபேட்டர் எதற்கு? காலையில் வந்து பார்த்தால் வலையும் இல்லை, திரையும் இல்லை, வெள்ளைத் தண்ணீர்தான். சயாஜி எட்டிப் பார்த்து, "உன் ஆடு கஞ்சியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது தடவை வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சாயத்தில் குழாய்ச் சுவர் இளஞ்சிவப்புக் கோடாக ஓடுகிறது. அதில் இரண்டு விதமான உட்கருக்கள். ஒன்று நீளமாக, வெளிறி, குழாயின் போக்கிலேயே படுத்திருந்தது, வெள்ளரி விதை மாதிரி. அது சுவரை ஆக்கியிருக்கிற உட்படலச் செல். இன்னொன்று உருண்டையாக, கறுப்பாக, குழாயின் ஓரத்தில் மிளகை ஒட்டி வைத்த மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதுதான் பெரிசைட். எண்ணிப் பார்த்தால் விதைக்கு ஒரு மிளகு என்ற கணக்கில் வருகிறது. விழித்திரையில் அவ்வளவு நெருக்கம். கை கால் தசையில் நூறு விதைக்கு ஒரு மிளகு என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. கண்ணும் மூளையும் தங்கள் குழாய்களை எவ்வளவு கட்டுக்காவலில் வைத்திருக்கின்றன என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும்.

அதே வாரம் சயாஜி தன் பெட்டியிலிருந்து இன்னொரு ஸ்லைடு எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டில் படித்தபோது கொண்டுவந்தது. சர்க்கரை நோயில் இறந்த ஒருவருடைய கண். விதைகள் இருந்தன. மிளகைக் காணோம். மிளகு இருந்த இடத்தில் வெறும் குழிகள், தேனீ விட்டுப்போன அறை மாதிரி. இன்னும் கொஞ்சம் தள்ளி, குழாயின் ஓரத்தில் உருண்டையாக ஒரு புடைப்பு. கோகன் கூட்டத்தார் 1961இல் எழுதியது இதைத்தான்: சர்க்கரை நோயில் விழித்திரைப் பெரிசைட்டுகள் செத்துப்போகின்றன, அந்த வெறுங்குழிகள் மிஞ்சுகின்றன.

இப்போது அப்பாவின் டயரை நான் கொஞ்சம் கீழே இறக்கி வைக்க வேண்டும். டயர் டியூபைப் பிடிக்கும், அவ்வளவுதான். டியூபோடு பேசாது. பெரிசைட் பேசும். இரண்டு செல்லும் ஒரே அடித்தளச் சவ்வைப் பங்குபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சவ்வில் அங்கங்கே ஓட்டை உண்டு. அந்த இடத்தில் ஒன்றின் முளை இன்னொன்றின் குழிக்குள் பொருந்தியிருக்கும், பழைய வீட்டுக் கதவின் குடுமி குழியில் உட்காருகிற மாதிரி. உட்படலச் செல் பிடிஜிஎஃப்-பி என்று ஒரு புரதத்தை வெளியே விடும். அதை வாங்கிக்கொள்கிற ஏற்பி பெரிசைட்டிடம் இருக்கிறது. அந்தச் சேதி வந்துகொண்டிருக்கும் வரை பெரிசைட் வரும், பெருகும், இருக்கும். பதிலுக்கு ஆஞ்சியோபாய்ட்டின்-1 என்று ஒன்றை இது அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால் உட்படலச் செல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, தாறுமாறாகப் பெருகாமல், கசியாமல் அடங்கி இருக்கும். ஆகவே சுவர் நிற்பது வெறும் கட்டிப்பிடிப்பால் மட்டும் இல்லை, இந்தப் போக்குவரத்தாலும்தான்.

1997இல் ஸ்வீடனில் பெட்ஷோல்ட்ஸ் குழுவினர் பிடிஜிஎஃப்-பி இல்லாத எலிகளைப் பார்த்தார்கள். மூளைத் தந்துகிகளில் பெரிசைட்டே வந்து சேரவில்லை. குழாய்கள் அங்கங்கே புடைத்துக்கொண்டன. குட்டிகள் பிறக்கிற நேரத்திலேயே ரத்தம் கசிந்து செத்தன. சர்க்கரையே இல்லாத எலிக்கு, நான் அந்த ஸ்லைடில் பார்த்த அதே புடைப்பு!

சர்க்கரை என்ன செய்கிறது என்றால், பெரிசைட்டைச் செவிடாக்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறி நின்றால், பெரிசைட்டுக்குள் சில நொதிகள் தூண்டப்பட்டு, பிடிஜிஎஃப் சேதி வந்தாலும் உள்ளே ஏறாமல் போகிறது. 'உயிரோடு இரு' என்ற சொல் காதில் விழாத செல் மெல்லச் செத்துப்போகிறது. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை வேறு பல வழியிலும் குழாயைக் கெடுக்கிறது. எனக்குப் புரிந்ததில் இதுதான் மனசில் நின்றது.

இனி உங்கள் கேள்வியின் முள்ளுக்கு வருகிறேன். சர்க்கரை இறங்கிய பிறகு ஏன்? பார்த்தது இன்றைக்கு, ஆனால் நடந்தது அந்த 8 வருஷத்தில். செத்துப்போன பெரிசைட்டைத் திரும்ப வரவழைக்க இன்றைக்கு மருந்து கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 1993இல் வெளியானது. அவர்கள் எல்லாரும் இன்சுலின் போட்டே ஆகவேண்டிய முதல் வகைக்காரர்கள். கண்ணில் ஒன்றுமில்லாத நிலையில் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைக் கோளாறு வருவது, வழக்கமான வைத்தியம் எடுத்த மற்றக் கூட்டத்தாரைவிட 76 சதவீதம் குறைந்தது. பின்னால் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு கூட்டத்தாருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்த பிறகும், ஆரம்பத்தில் கட்டுப்படுத்தியவர்கள் கண்தான் நன்றாக இருந்தது. உடம்பு பழைய பற்றுவரவை எடுத்து வைத்திருக்கிறது. நம் செட்டியார்கள் காலத்துப் பேரேடு மாதிரி, ஒரு புள்ளியும் விடாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. ரொம்ப காலம் ஏறிக் கிடந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால், முதல் சில மாதங்களில் கண்ணில் இருக்கிற கோளாறு சிலருக்குக் கொஞ்சம் கூடும். அந்த 1993 ஆய்விலும் இதைக் கண்டார்கள். போகப் போக நன்மைதான் மிஞ்சியது. அதனால் "மாத்திரைதான் கண்ணைக் கெடுத்தது" என்று உங்கள் வீட்டுக்காரர் மறுபடி நிறுத்திவிட வேண்டாம். இதை அவருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். சர்க்கரையை வேகமாக இறக்கும் காலத்தில் கண்ணையும் கூடவே காட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேப்பர் எழுத்து பளிச்சென்று தெரிவதில் ஆச்சரியமே இல்லை. எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுவில் இருக்கிற சின்ன இடம். புடைப்பும் பொட்டும் அதைத் தொடாத வரை பார்வை குறையாது, வலிக்கவும் வலிக்காது. நடுவிடத்தில் நீர் கசிந்து வீங்கினால்தான் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. குழாய்கள் அடைபட்டு விழித்திரை பட்டினி கிடந்தால், விஇஜிஎஃப் என்ற புரதத்தை அது நிறைய விடும். புதுக் குழாய்கள் முளைக்கும். புதுசு என்று சந்தோஷப்பட வேண்டாம். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களைப் பெரிசைட் சரியாகச் சுற்றியிருக்காது, ஆகவே கசியும், உடையும். அப்போது கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, கறுப்புத் திரை விழுந்த மாதிரி ஆகும். கண்ணுக்குள் போடுகிற ஊசி அந்த விஇஜிஎஃப்பை மடக்குவதற்குத்தான். 1998இல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: விஇஜிஎஃப்பை நிறுத்தினால் பெரிசைட் இல்லாத குழாய் சுருங்கி மறையும், பெரிசைட் சுற்றிய குழாய் நிலைத்து நிற்கும். லேசர் வேறு விதம். பட்டினி கிடக்கிற ஓரப்பகுதியைச் சுட்டு, அது பிராணவாயு கேட்பதையே நிறுத்துகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது ஊசியும் லேசரும் தேவையா என்பது கண்ணைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டியது. அவர் எத்தனை மாதம் கழித்து வரச் சொன்னாரோ அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடிப்பு விட்ட சுவர்மேல் அழுத்தமும் ஏறினால் என்ன ஆகும் என்று பஞ்சர் கடைக்காரர் எவரும் சொல்வார்.

கேள்வி (ஒரு வாசகர், மோல்மேன்): மலேசியாவில் இருக்கும் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, சில மணி நேரத்திலேயே மூளைக் குழாயில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். குழாய் திறந்துவிட்டது என்று படமும் காட்டினார்கள். ஆனால் வலது கை இன்னும் சரியாக வரவில்லை. திறந்த பிறகும் ஏன்?

பதில்: தம்பி, பெரிய வாய்க்கால் திறந்தால் போதுமா, பாத்திக்குத் தண்ணீர் பாய வேண்டாமா? கட்டி இருந்தது பெரிய குழாயில். ஆனால் மூளைச் செல்லுக்கு ரத்தம் போவது தந்துகி வழியாக. அங்கே நம் பெரிசைட் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் இல்லை. ரூஜே சொன்னபடி சுருங்கவும் செய்யும். 2014இல் லண்டனில் அட்வெல் குழுவினர் எலி மூளையில் பார்த்தார்கள்: ரத்தம் இல்லாமல் தவிக்கும்போது பெரிசைட்டுகள் குழாயை இறுக்கிப் பிடிக்கின்றன, பிடித்த பிடியிலேயே செத்தும் விடுகின்றன. செத்த கை தானாக விடுமா? பெரிய குழாய் திறந்தாலும் சில தந்துகிகள் இறுகியே கிடக்கும். அதோடு, செத்த பெரிசைட் மூளைக் குழாயின் காவலையும் விட்டுவிடுகிறது. பெரிசைட் குறைந்த எலிகளில் ரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் கசிவதை 2010இல் இரண்டு குழுவினர் தனித்தனியாகக் காட்டினார்கள்.

இது ஒரு காரணம்தான். கட்டி எடுக்கும் வரை காத்திருந்த அந்த நேரத்திலேயே செத்த மூளைச் செல்களும் உண்டு. அண்ணனுக்குக் கைப்பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களில்தான் அதிகம் மீளும்.

கேள்வி (அதே பெகு வாசகியின் மாமியார், தனிச் சீட்டில்): பாகற்காய்ச் சாறு குடித்தால் செத்த செல் திரும்ப வருமா?

பதில்: வராது அம்மா. பாகற்காயைக் கருவாடு போட்டுக் குழம்பு வையுங்கள், மகன் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். சோற்றைக் குறைத்துப் போடுங்கள்.

கேள்வி (ஒரு மாணவி, தாட்டோன்): என் ஆயாவுக்கு வயது 81. லேசாக இடித்தாலே கையில் ஊதாத் திட்டு வந்துவிடுகிறது. இதுவும் பெரிசைட் போனதால்தானா?

பதில்: ஒரு சொல்லைப் புதிதாகக் கற்றால் எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டத் தோன்றும், எனக்கும் ஆட்டுக் கண் பார்த்த வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆயாவின் திட்டுக்குப் பெரும்பாலும் வேறு காரணம். வயதும் வெயிலும் சேர்ந்து தோலுக்கடியில் இருக்கிற கொலாஜன் நாரை மெலிய வைத்துவிடும். மெத்தை போன தோலில் குழாய் லேசான இடிக்கே உடையும். முன்கையிலும் புறங்கையிலும் வரும், அதுவே மெல்ல மறையும், சில நேரம் பழுப்புக் கறை மிஞ்சும். ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, இடிக்காமலே உடம்பெங்கும் வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடு.

என் இடது கையிலும் இப்போது ஒன்று இருக்கிறது. போன வாரம் கொசுவலைக் கம்பியில் இடித்தது.